ஃபால்காவோவை இங்கிலாந்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு

"ரடமெல் ஃபால்காவோ அப்படியென்ன பெரிய ஸ்டிரைக்கர்? மேன்செஸ்டர் யுனைடெட்டில் 4 கோல், செல்சியில் 1 கோல். இதற்கா இவ்வளவு பேச்சு?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அவர் இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக் மட்டும் பார்க்கிறவர் என்று நினைக்கிறேன். சொன்ன கணக்கு சரிதான். இங்கிலாந்து லீகில் இரண்டு சீசன், இரண்டு கிளப், மொத்தம் 36 ஆட்டம், 5 கோல். ஆனால் 2011லும் 2012லும் அவர் ஆடியதைப் பார்த்த யாரிடமாவது இதே கேள்வியைக் கேட்டால், உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். மெஸ்ஸி, ரொனால்டோ இருவரையும் ஒதுக்கி வைத்துவிட்டு, பெனால்டி பாக்ஸுக்குள் நின்று கோல் போடும் ஒன்பதாம் எண் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டால், அந்த இரண்டு வருடம் உலகத்தில் அவருக்கு மேல் ஆள் இல்லை என்பது என் கட்சி. இங்கிலாந்து பார்த்தது முழங்கால் அறுவை முடிந்து வந்த மனிதரை. அதற்கு முன்னால் ஒரு ஃபால்காவோ இருந்தார். பின்னாலும் ஒருவர் வந்தார். அவரைத்தான் பலர் பார்க்காமல் விட்டுவிட்டார்கள்.

முதலில் அந்தப் பெயர். முழுப்பெயர் ரடமெல் ஃபால்காவோ கார்சியா சாராத்தே. ஃபால்காவோ குடும்பப் பெயர் இல்லை. பிரேசிலின் மிட்ஃபீல்டர் பாவ்லோ ராபர்ட்டோ ஃபால்காவோ மீது அப்பாவுக்கு இருந்த பிரியத்தில் வைத்த பெயர். அந்த அப்பா ரடமெல் கார்சியாவும் தொழில்முறை வீரர்தான், டிஃபெண்டர். மகன் பிறந்தது 1986 பிப்ரவரி 10, கொலம்பியாவின் கரீபியக் கடலோர ஊரான சாந்தா மார்த்தாவில். கொலம்பியாவின் பழைய கேப்டன், சுருள்முடி வால்டெர்ராமாவை நினைவிருக்கிறதா? அவரும் அதே ஊர்க்காரர்தான்.

1999 ஆகஸ்ட் 28 அன்று, லான்செரோஸ் போயாக்கா என்ற இரண்டாம் டிவிஷன் அணிக்காக ஃபால்காவோ களமிறங்கினார். அப்போது வயது 13 வருடம் 199 நாள். நம் ஊர்க் கணக்கில் எட்டாம் வகுப்புப் பையன். எதிரே இடித்துத் தள்ளுகிறவர்கள் எல்லாம் குடும்பஸ்தர்கள். கொலம்பியத் தொழில்முறைக் கால்பந்தில் அவ்வளவு சின்ன வயதில் அதற்கு முன் யாரும் ஆடியதில்லை. 2001இல், 15 வயதில், அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட் கிளப் அவரை ப்யூனஸ் ஐரஸுக்கு அழைத்துக்கொண்டது.

ரிவரில் 2005இல்தான் பெரிய அணிக்கு வந்தார். அந்த வருடக் கடைசியில் நடந்த அபெர்த்தூரா தொடரில் (அர்ஜென்டின லீகின் முதல் பாதிப் பட்டம்) 7 ஆட்டத்தில் 7 கோல். எல்லாரும் திரும்பிப் பார்க்கத் தொடங்கிய நேரத்தில், நவம்பரில் முழங்கால் தசைநார் போனது. தேறி வருகையில் 2006 ஜனவரியில் மறுபடியும் அடி. 19 வயதில் மேலே வந்த பையனுக்கு 20வது வயது மருத்துவமனையிலும் பயிற்சி அறையிலும் கழிந்தது. 2014இல் நடந்தது அவருக்கு முதல் முழங்கால் விபத்து என்று பலர் நினைக்கிறார்கள். அது இரண்டாவது அத்தியாயம். அந்தக் காலத்திலேயே ப்யூனஸ் ஐரஸில் இதழியலும் படித்தார். கால் கைகொடுக்காமல் போனால் பிழைக்க ஒரு வழி வேண்டுமே என்று யோசித்திருப்பாரோ என்னவோ.

திரும்பி வந்ததும், தென் அமெரிக்க கிளப்புகளின் தொடரான 2007 கோப்பா சுதமெரிக்கானாவில் பிரேசிலின் பொட்டாஃபோகோவுக்கு எதிரான ஆட்டம். இரண்டு ஆட்டம் கொண்ட மோதலில் முதல் ஆட்டத்தை ரிவர் 0-1 தோற்றிருந்தது. சொந்த ஊரில் 4-2 ஜெயித்து மேலே போனது. அதில் ஃபால்காவோவுக்கு மூன்று கோல். 'எல் டிக்ரே', அதாவது புலி என்ற பட்டப்பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது ரிவரில்தான். 2008இல் க்ளவுசூரா, அதாவது இரண்டாம் பாதிப் பட்டமும் கிடைத்தது. அப்போது பயிற்சியாளர் டியேகோ சிமியோனி. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வரும்.

2009இல் போர்ச்சுகலின் போர்ட்டோ அவரை வாங்கியது. வாங்கியது என்று முழுதாகச் சொல்ல முடியாது. ஏறக்குறைய 39 லட்சம் யூரோ கொடுத்து அவர் மீதான உரிமையில் 60 சதவீதத்தை மட்டும் வாங்கினார்கள். ஒரு வீரரின் உரிமையைப் பங்கு பிரித்து கிளப்பும் வெளியாட்களும் வைத்துக்கொள்வது தென் அமெரிக்காவிலும் போர்ச்சுகலிலும் அப்போது சர்வ சாதாரணம். நிலத்தை விற்றாலும் ஒரு ஓரத்தைப் பழைய பங்காளி கையில் வைத்திருப்பது போல. 2015இல்தான் ஃபிஃபா இதைத் தடை செய்தது. இதை ஏன் இழுக்கிறேன் என்றால், ஃபால்காவோ ஏன் இந்த கிளப்புக்குப் போனார், ஏன் அங்கே போகவில்லை என்ற கேள்விகளுக்குப் பாதிப் பதில் இப்படிப்பட்ட பணக் கணக்குகளில் இருக்கிறது.

முதல் சீசனில் லீகில் 25 கோல். பென்ஃபிகாவின் ஒஸ்கார் கார்தோசோவைவிட ஒன்றே ஒன்று குறைவு. அடுத்த சீசன் 2010-11. ஆந்த்ரே வில்லாஸ்-போவாஸ் பயிற்சியில் போர்ட்டோ லீகில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. ஐரோப்பிய கிளப்புகளின் தொடர்களில் சாம்பியன்ஸ் லீகுக்கு அடுத்த நிலையில் இருக்கும் யூரோப்பா லீகில் ஃபால்காவோ 17 கோல் போட்டார். 1995-96இல், அதன் பழைய பெயரான யுயேஃபா கோப்பையில் ஜெர்மனியின் கிளின்ஸ்மான் போட்ட 15 கோல்தான் அதுவரை உச்சம். அரையிறுதியில் வில்லாரியாலுக்கு எதிராக மட்டும் நான்கு. வியன்னாவில் பனி கொட்டி வெளுத்துப்போன மைதானத்தில், ராபிட் அணிக்கு எதிராக ஒரு ஹாட்ரிக். கடலோர வெயிலில் பிறந்தவர்!

இனி அவர் தலையால் முட்டும் கலையைக் கொஞ்சம் பேச வேண்டும். அது இல்லாமல் ஃபால்காவோ இல்லை. உயரம் 1.77 மீட்டர். ஐந்தடி பத்தங்குலம் என்று வையுங்கள். அவரைக் காவல் காக்கிற நடு டிஃபெண்டர்களான சென்டர் பேக்குகள் பெரும்பாலும் அரை ஜாண் கூடுதல். எப்படி அவர்கள் மேல் எழும்பி முட்டினார்? பழைய ஆட்டங்களை ஓடவிட்டுப் பார்த்தால் ஒன்று புரியும். ஓரத்திலிருந்து உள்ளே அடிக்கும் பந்தான கிராஸ் வருவதற்கு முன் அவர் டிஃபெண்டரின் முதுகுப்பக்கம் நிற்பார். பந்தையும் இவரையும் ஒரே நேரத்தில் பார்க்க டிஃபெண்டரால் முடியாது. விங்கில், அதாவது மைதான ஓரத்தில் இருப்பவர் பந்தை அடிக்கத் தலை குனிகிற அந்த நொடியில், இரண்டு எட்டு முன்னால் வைப்பது போல ஒரு பாவனை. டிஃபெண்டர் அந்தப் பக்கம் சாய்ந்ததும் பின்னால் நழுவி, ஓடி வந்து எழும்புவார். மற்றவர் நின்ற இடத்தில் குதிக்க வேண்டியிருக்கும், இவருக்கு ஓட்டத்தின் வேகம் கூட இருக்கும். டிஃபெண்டர் எழும்புவதற்கு அரை நொடி முன்பே இவர் மேலே போயிருப்பார். பிறகு கழுத்து. பந்தின் மேல் பாதியில் முட்டி, கோல்கீப்பரின் காலடிப் பக்கம் தரையை நோக்கி அனுப்புவது அவர் வழக்கம்.

2011 மே 18, டப்ளின். யூரோப்பா லீக் இறுதி ஆட்டம், போர்ட்டோவுக்கு எதிரே இன்னொரு போர்ச்சுகல் அணியான பிராகா. உண்மையைச் சொன்னால் சப்பென்ற ஆட்டம். 44வது நிமிடத்தில் வலது பக்கம் இன்னொரு கொலம்பியரான ஃப்ரெடி குவாரின் பந்தைப் பறித்து உள்ளே கிராஸ் செய்தார். இரண்டு டிஃபெண்டர்களுக்கு நடுவில் ஃபால்காவோ, சுற்றி யாருமே இல்லாதவர் போல எழும்பி முட்டினார். 1-0. அந்த ஆட்டத்தில் நினைவில் வைக்க வேறொன்றும் இல்லை.

அந்தக் கோடையில் அகுவேரோவை மேன்செஸ்டர் சிட்டிக்கு விற்றிருந்த அத்லெத்திகோ மாட்ரிட், சுமார் 4 கோடி யூரோ கொடுத்து ஃபால்காவோவை எடுத்தது. பாதி சீசனில் பயிற்சியாளர் மாறி, வந்து சேர்ந்தவர் அதே சிமியோனி. 2012 மே 9, புக்காரெஸ்ட். மறுபடி யூரோப்பா லீக் இறுதி, எதிரே அத்லெத்திக் பில்பாவோ. 7வது நிமிடம். பாக்ஸின் வலது ஓரத்தில் ஃபால்காவோவிடம் பந்து, எதிரே பில்பாவோவின் டிஃபெண்டர் அமோரெபியேத்தா. வெளிப்பக்கம் போவது போல உடம்பை அசைத்து, உள்ளே வெட்டி, இடது காலால் சுழற்றி அடித்தார். பந்து கோல்கீப்பரைச் சுற்றிக்கொண்டு தூர மூலையின் மேல்பக்கம் போய் விழுந்தது. இவர் வலதுகாலர் என்பதை மறந்துவிடாதீர்கள். 34வது நிமிடத்தில் பாக்ஸுக்குள் இன்னொன்று, அதுவும் இடது கால். முடிவில் 3-0. வெவ்வேறு கிளப்புக்காக அடுத்தடுத்த வருடம் யூரோப்பா லீக் ஜெயித்த முதல் வீரர், இரண்டு முறையும் அதிகக் கோல் போட்டவரும் அவரே.

அதே ஆகஸ்ட் 31 அன்று மொனாக்கோவில், சாம்பியன்ஸ் லீகையும் யூரோப்பா லீகையும் ஜெயித்தவர்கள் மோதும் சூப்பர் கோப்பை. எதிரே சாம்பியன்ஸ் லீகை ஜெயித்துவிட்டு வந்திருந்த செல்சி. இடைவேளைக்குள் ஃபால்காவோவுக்கு ஹாட்ரிக், முடிவில் 4-1. டிசம்பரில் தெப்பொர்த்தீவோ லா கொருன்யா அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல். உலகின் சிறந்த வீரருக்கான அந்த வருட பாலன் டி'ஓர் வாக்கெடுப்பில் ஐந்தாம் இடம். 2013 மே 17இல் ஸ்பெயின் கோப்பையான கோப்பா தெல் ரே இறுதி, ரியால் மாட்ரிடின் சொந்த மைதானத்தில். 1999க்குப் பிறகு அத்லெத்திகோ அந்த அணியை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. ரொனால்டோ முதல் கோலைப் போட்ட பிறகு, நடு மைதானத்தில் ஆட்களை உதறிவிட்டு டியேகோ கோஸ்டாவுக்குப் பந்தைத் திறந்துவிட்டவர் ஃபால்காவோ. கோஸ்டா சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் மிராண்டா முட்டி ஜெயிக்க வைத்தார். கோல் மட்டும் போடத் தெரிந்தவர் என்று சொல்பவர்கள் அந்தப் பாஸைப் பார்க்க வேண்டும். அத்லெத்திகோ கணக்கு: 91 ஆட்டம், 70 கோல்.

இவ்வளவு ஆடியவர் 2013இல் மொனாக்கோவுக்குப் போனார். பிரெஞ்சு லீகின் இரண்டாம் டிவிஷனிலிருந்து அப்போதுதான் மேலே வந்திருந்த அணி, சாம்பியன்ஸ் லீக்கும் கிடையாது. கடன் கழுத்தை நெரித்த அத்லெத்திகோவுக்கு விற்றாக வேண்டும். ரஷ்யக் கோடீஸ்வரர் ரிபோலோவ்லெவ் கையில் மொனாக்கோ இருந்தது, கிட்டத்தட்ட 6 கோடி யூரோ என்று பேசப்பட்ட தொகையை அவர் எடுத்து வைத்தார். வாழ்க்கையின் உச்சத்தில் இருந்த ஆட்டக்காரர் ஒரு படி கீழே இறங்கியதாகத்தான் அன்றும் எனக்குப் பட்டது, இன்றும் படுகிறது.

இதற்கிடையில் தேசிய அணி. 1998க்குப் பிறகு கொலம்பியா உலகக்கோப்பைப் பக்கமே போகவில்லை. அர்ஜென்டினக்காரரான ஹொசே பெக்கெர்மான் பயிற்சியாளராக வந்த பிறகு அணிக்கு உயிர் வந்தது. தகுதிச் சுற்றில் ஃபால்காவோவுக்கு 9 கோல். 2013 அக்டோபர் 11, பர்ராங்கீயா. புழுக்கத்தில் வியர்வை காயாத ஊர். சிலிக்கு எதிராக ஒரு புள்ளி கிடைத்தால் போதும், உலகக்கோப்பை உறுதி. இடைவேளையில் ஸ்கோர் 0-3! இரண்டாம் பாதியில் தேயோ கூத்தியெரெஸ் ஒன்று போட்டார். 75வது நிமிடம் பெனால்டி, ஃபால்காவோ அடித்தார். 84வது நிமிடம் இன்னொரு பெனால்டி, மறுபடியும் அவரே. ஒரு நாடே காலில் வந்து உட்கார்ந்திருக்கும்போது பத்து நிமிட இடைவெளியில் இரண்டு பெனால்டி அடிப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இத்தனைக்கும் 2011 கோப்பா அமெரிக்கா காலிறுதியில் பெருவுக்கு எதிராக ஒரு பெனால்டியைத் தவறவிட்ட கால் அது. 3-3. 16 வருடக் காத்திருப்பு முடிந்தது.

மூன்றே மாதம். 2014 ஜனவரி 22, பிரெஞ்சுக் கோப்பையில் மோந்தோர் அசெர்க் என்ற சின்ன அமெச்சூர் அணியுடன் ஆட்டம். அதில் ஒரு கோலும் போட்டிருந்தார். பாக்ஸுக்குள் பின்னாலிருந்து ஒரு டாக்கிள், இடது முழங்கால் மடங்கியது. முழங்காலுக்கு நடுவில் குறுக்கே ஓடி, தொடை எலும்பையும் கீழெலும்பையும் இழுத்துப் பிடிக்கும் தசைநார் அறுந்துபோனது. போர்ட்டோ நகரில் அறுவை. கொலம்பிய அதிபர் ஹுவான் மானுவேல் சாந்தோஸ் மருத்துவமனைக்கே போய்ப் பார்த்தார் என்றால் அந்த முழங்கால் நாட்டுக்கு எவ்வளவு வேண்டியது என்று புரிந்துகொள்ளலாம். சாதாரணமாக இதற்கு ஆறு மாதமாவது ஆகும், உலகக்கோப்பைக்கு ஐந்து மாதம்கூட இல்லை. பெக்கெர்மான் 30 பேர் உத்தேசப் பட்டியலில் பெயரை வைத்துக்கொண்டு கடைசி நாள்வரை காத்திருந்தார். ஜூன் 2 அன்று 23 பேர் பட்டியல் வந்தது. அதில் ஃபால்காவோ இல்லை. பிரேசிலில் கொலம்பியா வரலாற்றிலேயே முதல்முறையாகக் காலிறுதிவரை போனது. ஹாமெஸ் ரொட்ரிகெஸ் 6 கோல் போட்டு, அதிகக் கோல் போட்டவருக்கான தங்கக் காலணி வாங்கினார்.

சரி, இப்போது கேள்வி கேட்டவரின் இடத்துக்கு வருவோம். 2014 செப்டம்பர் 1, டிரான்ஸ்ஃபர் சாளரம் மூடும் நாளில் மேன்செஸ்டர் யுனைடெட் அவரை லோனில் எடுத்தது. அறுவை முடிந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. இந்தத் தசைநார் அறுந்தவருக்கு நடக்கவும் ஓடவும் சீக்கிரம் வந்துவிடும். முதல் இரண்டு எட்டின் வெடிப்பும், காலை ஊன்றிச் சட்டென்று திரும்புவதில் இருந்த நம்பிக்கையும் வரத்தான் நாளாகும். மேலே சொன்னேனே, முன்னால் போவது போலப் பாவனை செய்து பின்னால் நழுவி எழும்புவது? அது முழுக்க அந்த இரண்டு எட்டில்தான் இருக்கிறது. பழைய இடத்துக்குச் சரியாகப் போவார், ஆனால் அரை நொடி கழித்துப் போவார். மூளைக்குத் தெரியும், கால் வராது. 2015 மார்ச்சில் பயிற்சியாளர் வான் கால் அவரை 21 வயதுக்குட்பட்டோர் அணியில் டாட்டன்ஹாமுக்கு எதிராக இறக்கினார். 29 வயது, ஐரோப்பாவின் விலையுயர்ந்த ஸ்டிரைக்கர்களில் ஒருவர், பையன்களோடு ஆடி, கோல் எதுவும் போடாமல், ஆட்டம் முடியும் முன்பே மாற்றப்பட்டு வெளியே நடந்து வந்தார். அடுத்த வருடம் மொரின்யோ செல்சிக்கு அழைத்தார். அங்கே தசைக் காயம், பெஞ்சு, கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக ஒரு கோல். முடிந்தது கதை என்றே எல்லாரும் எழுதினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், மறைக்கவில்லை.

2016இல் வேறு வழியில்லாமல் மொனாக்கோவுக்குத் திரும்பினார். பயிற்சியாளர் லியோனார்டோ ஜார்டிம் அவரிடம் கேப்டன் பட்டையைக் கொடுத்தார். ஓடுவதற்குப் பையன்கள் இருந்தார்கள்: எம்பாப்பே, பெர்னார்டோ சில்வா, லெமார், மெண்டி. ஃபால்காவோ நடுவில் நின்று டிஃபெண்டர்களைத் தன்மேல் சாய வைத்து, இடத்தைத் திறந்துவிட்டார். குதிப்பது குறைந்தது, ஒரே தொடுதலில் முடிப்பது கூடியது. லீகில் 21 கோல், எல்லாம் சேர்த்து 30. மொனாக்கோ லீகில் 107 கோல் அடித்து, 95 புள்ளியோடு, தொடர்ந்து நான்கு வருடம் பட்டம் வைத்திருந்த பாரிஸ் அணியை இறக்கிவிட்டு சாம்பியன் ஆனது. 2000க்குப் பிறகு அவர்களுக்கு அதுதான் முதல் பட்டம்.

2017 பிப்ரவரி 21, அவரைக் கேலி செய்த அதே மேன்செஸ்டர் ஊர், சிட்டியின் எதிஹாட் மைதானம், சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். முதலில் பாய்ந்து முட்டி ஒரு கோல். இரண்டாம் பாதித் தொடக்கத்தில் பெனால்டி, அதை கோல்கீப்பர் கபயேரோ பிடித்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அத்துடன் சுருண்டிருப்பார்கள். பத்து நிமிடம் கழித்து டிஃபெண்டர் ஸ்டோன்ஸைத் தோளால் ஒதுக்கி, முன்னேறி வந்த அதே கபயேரோவின் தலைக்கு மேல் பந்தை மெதுவாகத் தூக்கிப் போட்டார். பலம் போட்டு அடித்த பந்தே இல்லை அது, பூவைத் தூவியது மாதிரி. அந்த ஆட்டம் 5-3 சிட்டிக்கு. ஆனால் சொந்த ஊரில் 3-1 ஜெயித்து, மொத்தம் 6-6 சமனாக, வெளியூரில் போட்ட கோல் அதிகம் என்ற கணக்கில் மொனாக்கோ மேலே போய், அரையிறுதிவரை சென்றது. அந்தக் கோடையில் பையன்களில் பலர் பெரிய விலைக்குப் போய்விட்டார்கள். ஃபால்காவோ இருந்தார். மொனாக்கோவில் மொத்தம் 140 ஆட்டம், 83 கோல்.

கடைசியில் உலகக்கோப்பையும் வந்தது, 32 வயதில். 2018 ஜூன் 24, ரஷ்யாவின் கசான், எதிரே லெவன்டோவ்ஸ்கியின் போலந்து. 70வது நிமிடம் கின்தேரோ கோடு போட்டது போல ஒரு பாஸ் விட, வலது காலின் வெளிப்புறத்தால் தட்டினார். உலகக்கோப்பையில் அவருடைய முதல் கோல். அடுத்த சுற்றில் இங்கிலாந்திடம் பெனால்டியில் கொலம்பியா வெளியேறியது. முதல் பெனால்டியை அடித்து உள்ளே போட்டவர் கேப்டன் ஃபால்காவோதான். தேசிய அணிக்கு மொத்தம் 36 கோல். அதுவரை உச்சத்தில் இருந்த இகுவரானின் கணக்கை 2015லேயே தாண்டிவிட்டார்.

அப்புறம் துருக்கியின் கலத்தசராய். 2019இல் விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் வந்து தீவட்டி கொளுத்தி வரவேற்றார்கள், ஆனால் காயங்களால் ஆட்டம் பாதிதான். 2021இல் மாட்ரிடின் புறநகர் கிளப்பான ராயோ வாயெகானோ. அங்கே 9ஆம் எண் சட்டை வாங்கவில்லை, 3 போட்டுக்கொண்டார். 2019இல் காலமான அப்பா, டிஃபெண்டராக அணிந்த எண் அது. அக்டோபர் 27 அன்று பார்சிலோனா வந்தது. புஸ்கெட்ஸ் காலிலிருந்து பறித்த பந்து ஃபால்காவோவிடம் வந்தது. பிக்கேவை ஒரே அசைவில் விலக்கி, கம்பத்தில் பட்டு உள்ளே போகும்படி அடித்தார். 1-0. அன்று இரவே பார்சிலோனா பயிற்சியாளர் கூமானை வேலையை விட்டு அனுப்பிவிட்டது. 2024இல், 38 வயதில், சிறு வயதிலிருந்து ரசிகராக இருந்த போகோட்டாவின் மியோனாரியோஸ் அணியில் சேர்ந்தார். 13 வயதில் தொழில்முறை ஆட்டம் தொடங்கியவர், தன் நாட்டின் முதல் டிவிஷனில் கால் வைத்தது அப்போதுதான்.

கேள்வி கேட்ட நண்பருக்கு: அந்த 5 கோலை நான் மறுக்கப் போவதில்லை. புக்காரெஸ்ட் இறுதி ஆட்டத்தின் முதல் பாதியை முழுதாக ஒருமுறை பாருங்கள். கோல் தொகுப்பு வேண்டாம், அதில் பந்து வந்த பிறகு நடப்பது மட்டும்தான் இருக்கும். பந்து விங்கில் இருக்கும்போது அமோரெபியேத்தா எத்தனை முறை கழுத்தைத் திருப்பி ஆளைத் தேடுகிறார் என்று எண்ணிப் பாருங்கள்.